மூணு வருஷ அனுபவம் இருந்தும் இன்டர்வியூ கால் வரலையா? ரெஸ்யூம்ல இத மாத்துங்க

பெரம்பூர்லருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "பி.காம் முடிச்சிட்டு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனில மூணு வருஷம் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டா இருந்தேன் சார். அம்மாவுக்கு ஆபரேஷன்னு வேலைய விட்டு அஞ்சு மாசம் ஆச்சு. இப்போ நௌக்ரி, லிங்க்ட்இன் ரெண்டுலயும் தினமும் அப்ளை பண்றேன், வர்ற காலெல்லாம் இன்சூரன்ஸ் பாலிசி விக்கிற வேலைக்குத்தான். ரெஸ்யூம் அட்டாச் பண்ணிருக்கேன், என்ன தப்புன்னு பாத்து சொல்லுங்க."

பாத்தேம்மா. இன்சூரன்ஸ் கால் மட்டும் ஏன் வருதுன்னா, உங்க ரெஸ்யூம்ல பி.காம், சென்னைங்கற ரெண்டத் தவிர தேடுறவங்க கண்ணுல சிக்கற மாதிரி ஒண்ணுமே இல்ல. சேல்ஸ்க்கு ஆள் எடுக்கறவங்களுக்கு அந்த ரெண்டு போதும், கூப்பிட்டுடுவாங்க. அக்கவுண்ட்ஸ்க்கு ஆள் தேடுறவங்களுக்கு அது பத்தாது.

கம்பெனிக்கு ஆள் எடுக்கற எங்கள மாதிரி ரெக்ரூட்டருங்க எப்படி தேடுவோம்னு சொல்றேன். நௌக்ரில ரெக்ரூட்டர் பக்கம் ஒரு தேடுற பெட்டி இருக்கும், அதுல டேலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்), ஜிஎஸ்டி, பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் ஸ்டேட்மென்ட்ட நம்ம கணக்கோட ஒத்துப்பாக்கறது)னு அடிப்போம், அனுபவம் 2லருந்து 4 வருஷம், ஊர் சென்னை, நோட்டீஸ் பீரியட் (பழைய வேலைய விட்டு வர எத்தன நாள் ஆகும்) எவ்ளோ, ப்ரொஃபைல் சமீபத்துல எப்போ அப்டேட் ஆச்சு, இதெல்லாம் போட்டு வடிகட்டுவோம், அப்புறம் வர்ற லிஸ்ட்ல மேல இருக்கறவங்கள மட்டும்தான் திறந்து பாப்போம், அடுத்தடுத்த பக்கத்துக்கு போறதுக்கு யாருக்கும் பொறுமை இருக்காது. உங்க ரெஸ்யூம்ல மூணு வருஷ வேலைக்கு நீங்க எழுதினது ஒரே ஒரு வரி, "கணக்கு சம்பந்தமான எல்லா வேலைகளையும் கவனித்தேன்". இதுல டேலியும் இல்ல ஜிஎஸ்டியும் இல்ல, அப்புறம் லிஸ்ட்ல எப்படி வருவீங்க? உங்கள யாரும் வேணாம்னு ஒதுக்கல, அவங்க கண்ணுக்கே நீங்க படல.

அதனால முதல் வேலை, ஒரு பேப்பர் எடுத்து அந்த சீட்ல ஒரு மாசம் முழுக்க என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க. மாசம் பொறந்தா 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 1, 20க்குள்ள ஜிஎஸ்டிஆர் 3பின்னு ஜிஎஸ்டி ரிட்டர்ன், அதுக்கு டேட்டா எடுத்து குடுத்தது யாரு? பர்சேஸ் ரெஜிஸ்டரை ஜிஎஸ்டிஆர் 2பியோட (சப்ளையருங்க ஏத்தின பில்லெல்லாம் வர்ற ஜிஎஸ்டி ஸ்டேட்மென்ட்) ஒத்துப்பாத்து, பில்லை ஏத்தாத சப்ளையருக்கு போன் போட்டு விரட்டினது யாரு? 15ஆம் தேதி பிஎஃப் சலான்? பேங்க் ஸ்டேட்மென்ட்ட டேலியோட டேலி பண்ணது? டெப்டர்ஸ் லிஸ்ட் எடுத்து பாக்கி வசூலுக்கு ஃபாலோ பண்ணது? சின்ன கம்பெனில அசிஸ்டென்ட்னு பேர் வெச்சிட்டு இதுல பாதிக்கு மேல ஒரே ஆள் தலையிலதான் கட்டுவாங்க, உங்க தலையிலயும் கட்டிருப்பாங்க. அத எழுதுங்க.

எழுதறப்போ நம்பரோட எழுதணும். "பர்சேஸ் என்ட்ரி போட்டேன்"னு விடாம, "மாசம் சுமார் 400 பர்சேஸ் பில் டேலி ப்ரைம்ல என்ட்ரி, ஜிஎஸ்டிஆர் 2பியோட ஒப்பிட்டு வித்தியாசத்த சரி பண்ணேன், மூணு பேங்க் அக்கவுண்ட்டுக்கு ரீகன்சிலியேஷன்" இந்த மாதிரி. 400ங்கறது நான் சும்மா சொன்னது, உங்க உண்மையான நம்பரப் போடுங்க, ஏன்னா இன்டர்வியூல முதல் கேள்வியே அதுலதான் வரும். ரிட்டர்ன் ஃபைல் பண்ணது ஆடிட்டர் ஆபீஸ்னா ஃபைலிங்குக்கு டேட்டா ரெடி பண்ணேன்னு மட்டும் எழுதுங்க. ஃபைல் பண்ணேன்னு போட்டுட்டு எதிர்ல இருக்கறவர் நோண்ட ஆரம்பிச்சா முழிக்கணும்.

அப்புறம் அந்த முதல் பாரா. "சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு"ன்னு போகுதே, பிரவுசிங் சென்டர்ல டைப் பண்ணி வாங்குற எல்லா ரெஸ்யூம்லயும் இதே பாராதான் இருக்கு, கண்ண மூடிட்டு தூக்குங்க. அந்த இடத்துல ரெண்டே வரி: மூணு வருஷம் ஆட்டோ உதிரிபாக கம்பெனி அக்கவுண்ட்ஸ், டேலி ப்ரைம், ஜிஎஸ்டி, எக்ஸல்ல வி-லுக்கப் (VLOOKUP), பிவட் டேபிள், உடனே ஜாயின் பண்ண ரெடி. அப்பா பேர், ஜாதி, கல்யாணம் ஆச்சா இல்லையா, ஆதார் நம்பர், பான் நம்பர் எதுவும் வேணாம். ஆதார் நம்பர ஊரெல்லாம் அனுப்பறது ஆபத்தும்கூட. போட்டோவும் வேணாம். ஆனா டைப்ரைட்டிங் ஹையர் பாஸ்னு கடைசில ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அத மேல கொண்டு வாங்க.

கதவு நம்பர் வரைக்கும் அட்ரஸ் தேவையில்ல, பெரம்பூர்ங்கறது மட்டும் கண்டிப்பா இருக்கட்டும். நம்ம ஊர்ல எச்ஆர் முதல்ல பாக்கறதே தினமும் வந்து போக முடியுமாங்கறதத்தான். பெரம்பூர்லருந்து சிறுசேரிக்கோ ஒரகடத்துக்கோ ஆள் எடுத்தா மூணே மாசத்துல நின்னுடுவாங்கன்னு பயம். அம்பத்தூர், கிண்டி, பாரிஸ், அண்ணா நகர் பக்கம் இருக்கற வேலைக்கு முதல்ல அப்ளை பண்ணுங்க. தூரமா இருந்தாலும் பரவால்ல, கம்பெனி பஸ் இருந்தா வருவேன்னா, மெயில்லயே அத ஒரு வரி சொல்லிடுங்க.

டெம்ப்ளேட் அழகா இருக்கு, பக்கத்த நெடுக்க பிரிச்சு ரெண்டு காலம் (column), சைடுல கலர் பட்டை, ஸ்கில்லுக்கு அஞ்சு ஸ்டார்ல நாலு ஸ்டார். டேலில நாலு ஸ்டார்னா என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் புரியலம்மா. பெரிய கம்பெனில ரெஸ்யூம்கள படிச்சு வடிகட்டற ஏடிஎஸ் சாஃப்ட்வேர்தான் முதல்ல படிக்கும், ரெண்டு காலம் இருந்தா சிலது வரிகள கலந்து குழப்பிடும். டெஸ்ட் ரொம்ப ஈஸி: பிடிஎஃப்ப திறந்து மொத்தத்தையும் காப்பி பண்ணி நோட்பேட்ல பேஸ்ட் பண்ணுங்க. வரிசை மாறாம படிக்க முடிஞ்சா ஓகே. உங்களுது பேஸ்ட் பண்ணா போன் நம்பர் காலேஜ் பேருக்கு நடுவுல வந்து நிக்குது. ஒரே காலம், ஒரு பக்கம், ஃபைல் பேரா உங்க பேரும் அக்கவுண்ட்ஸுங்கற வார்த்தையும், அவ்ளோதான்.

அந்த அஞ்சு மாச கேப் பத்தி ரொம்ப பயப்படறீங்க போல, பழைய கம்பெனில இன்னும் இருக்கற மாதிரி தேதி போட்டிருக்கீங்க. உடனே மாத்துங்க. பிஎஃப் பிடிச்சிருந்தா உங்க யுஏஎன்ல (பிஎஃப் நம்பர்) எப்போ சேந்தீங்க, எப்போ நின்னீங்கன்னு பதிவாயிருக்கும், வெரிஃபிகேஷன்ல அத கேட்டாங்கன்னா கையில வந்த ஆஃபரும் போயிடும். "குடும்ப மருத்துவ காரணம், இப்போது முழுநேர வேலைக்குத் தயார்"னு ஒரு வரி போதும். அம்மாவோட ஆபரேஷன் விவரமெல்லாம் யாருக்கும் சொல்லணும்னு இல்ல.

புது ரெஸ்யூம நௌக்ரில ஏத்திட்டு, ஹெட்லைன்லயும் அதே வார்த்தைகள போட்டுட்டு, வாரத்துக்கு ரெண்டு தடவையாவது உள்ள போய் எதையாவது அப்டேட் பண்ணுங்க, இல்லன்னா லிஸ்ட்ல கீழ இறங்கிடுவீங்க. நோட்டீஸ் பீரியட்ல உடனேன்னு மறக்காம போடுங்க, அது உங்களுக்கு ப்ளஸ். கால் வர ஆரம்பிச்சதும், ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், ட்ரெய்னிங் டெபாசிட்னு யாராவது பணம் கேட்டா போன கட் பண்ணிட்டு அடுத்த வேலைய பாருங்க.