பேப்பரைப் பாருங்கள், அப்புறம் பெயின்ட்டைப் பாருங்கள்

பழைய அமெரிக்க மசில் கார், அதாவது பெரிய எட்டு சிலிண்டர் வி8 என்ஜின் போட்ட அந்தக் கால வேகக் கார், வாங்குவது பற்றிக் கொஞ்ச நாளாகவே கேள்விகள் சேர்ந்துகொண்டே இருந்தன. முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நம் ஊரில் பழைய வண்டி கைமாறும்போது ஆர்.டி.ஓ. ஆபீசுக்காக சேஸிஸ் நம்பர் மேல் பென்சில் தேய்த்து பிரிண்ட் எடுப்பார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். அமெரிக்காவில் அந்த எண்ணை வின் நம்பர் என்பார்கள்.

அண்ணா, மிச்சிகனில் ட்ராய் பக்கம் இருக்கிறேன். 1970 செவர்லே செவெல் எஸ்.எஸ். 454 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், எல்.எஸ்.6 என்ஜினாம். விற்பவர் "வின் நம்பரே சொல்லிவிடும், சந்தேகமே வேண்டாம்" என்கிறார். அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் தம்பி. 1970 செவெலின் வின் எண் அதைச் சொல்லவே சொல்லாது. 13637 என்று ஆரம்பித்தால் வி8 என்ஜின் போட்ட இரண்டு கதவு மாலிபு, அடுத்த 0 வருஷம், அதற்கடுத்த எழுத்து எந்த ஆலை, மீதி வரிசை எண், அவ்வளவுதான். எந்த வி8, எஸ்.எஸ். என்னும் சூப்பர் ஸ்போர்ட் காரா இல்லையா என்பதற்கெல்லாம் அதில் இடமே கிடையாது. செவர்லே வின் எண்ணில் என்ஜினுக்கென்று ஒரு எழுத்து வந்ததே 1972 மாடலில்தான். ஆக, விற்பவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். எதுவாக இருந்தாலும் அவர் வாய்வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்க முடியாது.

செவெலில் எல்.எஸ்.6 வந்தது அந்த ஒரே வருஷம்தான். 450 குதிரைத்திறன், மொத்தம் 4,475 என்ஜின்கள். அதே 454 கன அங்குலத்தில் சாதாரண எல்.எஸ்.5-க்கு 360 குதிரைத்திறன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் விலையில் பெரிய வித்தியாசம். அதனால்தான் 307 என்ஜினோடு பிறந்த சாதாரண மாலிபுகள்கூட இன்று எல்.எஸ்.6 பேட்ஜ் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

என்ஜினில் என்ன பார்க்க வேண்டும்? டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் உங்களுக்கு வலப்பக்கம் வரும் சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். அழுக்கை மெதுவாகத் துணியால் துடையுங்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள். டி0212சி.ஆர்.வி. என்பது மாதிரி ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருந்தால், டோனவாண்டா ஆலையில் பிப்ரவரி 12-ஆம் தேதி பூட்டிய, நான்கு கியர் மேனுவலுக்கான எல்.எஸ்.6 என்று அர்த்தம். பக்கத்திலேயே வின் எண்ணின் கடைசிப் பகுதியும் குத்தியிருக்க வேண்டும், அது முன்கண்ணாடி வழியே தெரியும் தகட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

எழுத்துகள் சரியாக இருக்கிறது என்று அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த எழுத்துகளுக்கு அடியில் இருக்கும் இரும்பைப் பாருங்கள். ஆலையில் அந்த மேற்பரப்பை ஒரு பெரிய மெஷின் ஒரே இழுப்பில் சீவும், அதனால் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் வரிவரியாக விழும். பின்னால் யாராவது பழைய எண்ணைத் தேய்த்து அழித்துப் புது எண் குத்தியிருந்தால் அந்தக் கோடுகள் காணாமல் போயிருக்கும், அல்லது உப்புத்தாளால் போட்ட கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். என்ஜினை ரீபோர் செய்தபோது மேற்பரப்பைச் சீவியதால் நியாயமாகவே அழிந்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியென்றால் அந்த மெஷின் ஷாப் பில் எங்கே என்று கேளுங்கள்.

அடுத்தது தேதிகள். பிளாக் வார்த்த தேதி அதன் மேலேயே புடைத்திருக்கும், மாதத்துக்கு ஒரு எழுத்து, ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று போகும். வார்த்த தேதி முதலில், என்ஜின் பூட்டிய தேதி அதற்குப் பின், பாடி கட்டிய வாரம் அதற்கும் பின், இந்த வரிசை மாறக் கூடாது. பாடி கட்டிய வாரம் என்ஜினுக்குப் பின்னால் தடுப்புச் சுவரில் இருக்கும் தகட்டில் இருக்கும். 03பி என்றால் மார்ச் இரண்டாம் வாரம். மார்ச்சில் கட்டிய காருக்குள் ஏப்ரலில் வார்த்த பிளாக் இருந்தால் அது அந்தக் காரோடு பிறந்ததில்லை. இந்த ஒரு கணக்கைப் போட்டே நிறைய கார்களை வேண்டாம் என்று நகர்ந்துவிடலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் என்ஜின் நல்லது என்றுதான் ஆகும், கார் எஸ்.எஸ். என்று ஆகாது. அதற்குக் காகிதம் வேண்டும். ஆலையில் பாடியோடு கூடவே ஓடிய பில்ட் ஷீட் பெட்ரோல் டேங்குக்கு மேலே சொருகியபடியோ சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ கிடைக்கும், எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை. 454 எஸ்.எஸ். என்றால் அதில் இசட்15 என்று இருக்கும். இன்னொன்று ப்ரொடெக்ட்-ஓ-பிளேட், வாரன்டி புத்தகத்தோடு முதல் சொந்தக்காரருக்குக் கொடுத்த சின்ன உலோகத் தகடு. இரண்டையும் இன்று போலியாக அடிக்கிறார்கள், அதனால் போட்டோவை நம்பாமல் கையில் வாங்கிப் பாருங்கள். அமெரிக்காவில் விற்ற அந்தக் கால செவர்லேக்களுக்கு கம்பெனியிடம் கேட்டு வாங்கக்கூடிய தனித்தனி ரெக்கார்டு கிடையாது, அதனால்தான் இந்தக் கசங்கிய தாளுக்கு இவ்வளவு மதிப்பு.

காகிதமே இல்லையென்றால் வாங்கக் கூடாதா? வாங்கலாம், காகிதம் இல்லாத காரின் விலைக்கு.

ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். 1969 செவர்லே கமாரோ, இசட்28 என்னும் பந்தய ரகம், கனடாவிலேயே புதிதாக விற்றது என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. கனடாவில் விற்ற ஜி.எம். (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களின் பழைய ரெக்கார்டுகளை கனடா ஜி.எம். பத்திரமாக வைத்திருந்தது, வின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் அந்தக் கார் என்னென்ன ஆப்ஷனோடு போனது என்ற ஆவணம் கிடைக்கும். அமெரிக்கப் பக்கம் இருக்கும் கமாரோக்காரர்கள் இதற்காக ஏங்குகிறார்கள். பணம் பேசுவதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள்.

அதோடு வின் எண்ணின் முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 124 என்றால் வி8, 123 என்றால் ஆறு சிலிண்டர். பல வருஷங்களுக்கு முன்னால் ஓஹாயோவில் நான் ஒரு கமாரோ வாங்கினேன், என்ஜினில் இசட்28-க்கு உரிய டி.இசட். குறியீடு அழகாக இருந்தது, பிளாக்கும் நிஜமான 302 பிளாக். வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் கழித்துத்தான் வின் எண் 123 என்று ஆரம்பிப்பதைக் கவனித்தேன். இசட்28 என்ஜினை யாரோ ஆறு சிலிண்டர் காரில் இறக்கியிருக்கிறார்கள். என் மனைவி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

நார்வுட் ஆலையில் கட்டிய காராக இருந்தால் பாடித் தகட்டில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் இசட்28-க்கு உரியவை. வான் நைஸ் ஆலையில் இந்த எக்ஸ் குறியீடு போடவில்லை, அங்கே கட்டிய காரில் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

1969 ஃபோர்டு மஸ்டாங், 428 கோப்ரா ஜெட் என்ஜின். விற்பவர் மார்ட்டி ரிப்போர்ட் ஒன்றை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். அது போதுமா சார்?

போதாது. மார்ட்டி ரிப்போர்ட் நல்ல ஆவணம், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. 1967-லிருந்து ஃபோர்டின் உற்பத்தித் தகவல்களை வைத்துத் தயாரிப்பது. ஆனால் அந்த வின் எண்ணோடு இப்படி ஒரு கார் பிறந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. உங்கள் எதிரே நிற்கும் கார்தான் அது என்று அந்தத் தாள் சொல்லவில்லை. நீங்களே நேரடியாகப் பணம் கட்டி உங்கள் பெயரில் ஒன்று வாங்குங்கள், அப்புறம் பானெட்டைத் திறந்து முன் மட்கார்டுக்கு உள்பக்கத் தகட்டில் குத்தியிருக்கும் எண்ணைத் தேடுங்கள். ஐந்தாவது எழுத்து ஆர் என்றால் ராம் ஏர் (வெளிக்காற்றை பானெட் வழியாக நேராக என்ஜினுக்குள் இழுக்கும் அமைப்பு) உள்ள 428, கியூ என்றால் ராம் ஏர் இல்லாதது. டேஷ்போர்டு, மட்கார்டு, ரிப்போர்ட் மூன்றிலும் ஒரே எண் இருந்தால் நிம்மதியாக மேலே பேசலாம்.

கிரைஸ்லரின் பிளைமவுத் ஹெமி குடா என் பள்ளிக்கால ஆசை. கிரைஸ்லர் கார்களில் வின் எண்ணிலேயே என்ஜின் இருக்கிறதே, அப்படியானால் ஏமாற்ற முடியாதுதானே?

அங்கேதான் வேறு மாதிரி ஏமாற்றுகிறார்கள். பி.எஸ்.23ஆர்0 என்று ஆரம்பித்தால் 1970 குடா, மடக்க முடியாத கூரை உள்ளது, ஐந்தாவதாக வரும் ஆர் என்றால் 426 கன அங்குல ஹெமி என்ஜின். பி.எச்.23 என்றால் சாதாரண பேரகுடா. எண்ணே உண்மையைச் சொல்லிவிடுவதால் எண்ணையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். துருப்பிடித்து ஒன்றுக்கும் ஆகாத நிஜ ஹெமி காரின் தகட்டைக் கழற்றி, கலிஃபோர்னியாவில் காய்ந்து கிடந்த சாதாரண பேரகுடா பாடியில் மாட்டிவிடுவது. செவர்லேயில் என்ஜினைப் பற்றிப் பொய் சொல்வார்கள், இங்கே உடம்பைப் பற்றிப் பொய் சொல்வார்கள்.

அதனால் தகட்டில் மட்டும் கண்ணை வைக்காதீர்கள். பாடியிலேயே எண் குத்தியிருக்கும் இடங்கள் உண்டு, ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டில் ஒன்று, இன்னொன்று மாடலைப் பொறுத்து முன்கண்ணாடிக்குக் கீழேயோ டிக்கி ஓரத்திலோ. அந்தத் தகடு புதிதாக வெல்டிங் செய்ததாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பானெட்டுக்குள் டிரைவர் பக்க மட்கார்டில் திருகியிருக்கும் ஃபெண்டர் டேக் (காரின் ஆப்ஷன் குறியீடுகள் உள்ள சின்னத் தகடு) இன்னொரு சாட்சி, அதைக் கீழ் வரியிலிருந்து மேலே படிக்க வேண்டும். அதையும் புதிதாக அடித்துக் கொடுக்க ஆள் இருக்கிறது, ஆகவே சீட்டுக்குள்ளோ கார்பெட்டுக்கு அடியிலோ கிடைத்த பிராட்காஸ்ட் ஷீட்டோடு (கிரைஸ்லரில் பில்ட் ஷீட்டுக்கு அதுதான் பெயர்) வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

1971-இல் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் 11 தான் கட்டினார்கள், அதில் ஒன்று 2014-இல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. இப்படிப்பட்ட விலை ஓடும் இடத்தில், அந்த மாடலை மட்டுமே முப்பது வருஷமாகப் பார்க்கும் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போவது செலவே இல்லை.

ரீஸ்டோர் செய்யும்போது வின் தகட்டைக் கழற்றி பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டியதாக விற்பவரே சொல்கிறார். நேர்மையான ஆள் மாதிரி தெரிகிறது. பிரச்சினை வருமா?

வரலாம். அந்தத் தகட்டை இதழ் விரித்த பூ மாதிரி தலையுள்ள ரிவெட்டால் அடித்திருப்பார்கள். அங்கே கடையில் விற்கும் சாதாரண பாப் ரிவெட் இருந்தால் நான் வாங்க மாட்டேன். வின் எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. பழுது பார்ப்பவருக்கு விலக்கு உண்டு, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கேன்சஸ் மாநிலத்தில் ஒருவர் ஆசையாக வாங்கிய 1959 கார்வெட்டை இதே காரணத்துக்காக 2017-இல் பறிமுதல் செய்தார்கள், திருட்டு வண்டி என்று அவர் மேல் யாரும் சொல்லவில்லை, ஆனாலும் 2022-இல் சட்டத்தையே திருத்திய பிறகுதான் வழி பிறந்தது.

இதோடு டைட்டிலையும், அதாவது மாநில அரசு தரும் உரிமைப் பத்திரத்தையும் பாருங்கள். டைட்டிலில் இருக்கும் எண்ணும் தகட்டில் இருக்கும் எண்ணும் ஓர் எழுத்துகூடத் தவறக் கூடாது. நியூயார்க் 1972 மாடலுக்கும் அதற்கு முந்தைய கார்களுக்கும் டைட்டில் தருவதில்லை, ரெஜிஸ்ட்ரேஷன் தாள்தான். அங்கிருந்து வரும் காருக்கு டைட்டில் இல்லை என்பது மட்டும் சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. உங்கள் மாநில ஆபீசில் அந்தத் தாளை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பாடியை எப்படிச் சோதிப்பது?

துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம் போதும். பின் சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடி விளிம்பு, பின்கண்ணாடியின் கீழ் ஓரம், இங்கெல்லாம் ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது. லிஃப்டில் ஏற்றாமல் எந்தக் காரையும் வாங்காதீர்கள். மஸ்டாங் என்றால் முன்கண்ணாடிக்கு அடியில் காற்று போகும் இடத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி உள்ளே கால் வைக்கும் இடம் நனைகிறதா என்று பாருங்கள்.

வாங்கிவிட்டேன், 1966 போன்டியாக் ஜி.டி.ஓ. இப்போது ஆவணம் என்று என்ன சேர்க்க வேண்டும்?

வாழ்த்துகள். உங்கள் வின் எண் 242 என்று ஆரம்பிக்க வேண்டும், 1966-லிருந்து ஜி.டி.ஓ. தனி மாடல். 1964, 65-இல் அது வெறும் ஆப்ஷன், எண்ணில் தெரியாது. முதலில் பி.எச்.எஸ். என்னும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸுக்கு எழுதுங்கள், 1961 முதலான கார்களுக்கு ஆலையின் பில் நகலே வரும்.

ஒரு நட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள், சாக்பீஸ் குறிகள், ஸ்டிக்கர்கள், எண்கள், எல்லாம். கழற்றும் ஒரிஜினல் உதிரிபாகம் எவ்வளவு கெட்டுப்போனதாக இருந்தாலும் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது "அக்ரீட் வேல்யூ" (முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையைத் தரும்) பாலிசியா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள், "ஸ்டேட்டட் வேல்யூ" என்றால் நீங்கள் சொன்ன தொகை கைக்கு வரும் என்று உறுதி கிடையாது. புதிதாக அச்சடித்த ஜன்னல் ஸ்டிக்கரை ஃபைலில் வைத்தால் அதன் மேலேயே நகல் என்று எழுதிவிடுங்கள், உங்களுக்குப் பின் வாங்குபவர் குழம்பக் கூடாது.

அப்புறம் பழைய சொந்தக்காரர்களைத் தேடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள், அவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். என்னுடைய ஜி.டி.ஓ.வின் முதல் சொந்தக்காரர் இறந்துவிட்டார், ஆனால் அவர் மனைவியிடம் போனில் பேச முடிந்தது. ஒரு மணி நேரம் அந்தக் காரில் தேனிலவு போன கதையைச் சொன்னார், நான் குறுக்கே பேசாமல் எழுதிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு தபால் உறை வந்தது, உள்ளே வாரன்டி புத்தகம், டீலர் கொடுத்த கையெழுத்து ரசீது, வீட்டு வாசலில் காரோடு இரண்டு பேரும் நிற்கும் ஒரு போட்டோ. நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிறது.