வருகைப் பதிவு முதல் ஒரிஜினல் சான்றிதழ் வரை: சேலம் கல்லூரி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

சேலத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த வருடங்களில், பாடம் நடத்திய நேரத்துக்குக் குறையாமல் வகுப்பு டியூட்டராகவும் மாணவர் குறை கேட்கும் குழுவிலும் செலவிட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஜூன், ஜூலையில் அட்மிஷனும் ஸ்காலர்ஷிப்பும், பருவத் தேர்வு நெருங்கினால் வருகைப் பதிவு. இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

சார், எனக்கு ஏற்காடு பக்கம் நாகலூர். சேலத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் மலை இறங்கி அஸ்தம்பட்டி வருவதற்குள் முதல் மணி முடிந்துவிடுகிறது. இப்போது வருகை 71 சதவீதம். தேர்வு எழுத விடுவார்களா?

விடுவார்கள், ஆனால் நீங்கள் சும்மா இருந்தால் நடக்காது. பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலை, அறிவியல் கல்லூரிகளில் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். அது 65-க்கு மேல் இருந்து 75-ஐத் தொடவில்லை என்றால், தகுந்த காரணம் காட்டி, வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே இறங்கிவிட்டால் அந்தப் பருவத் தேர்வு கைவிட்டுப் போகும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதி கொஞ்சம் மாறலாம். சேரும்போது கொடுத்த கையேட்டை எடுத்துப் பாருங்கள்.

அதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள். உங்கள் கல்லூரியில் வருகை மணிக் கணக்கா, அரை நாள் கணக்கா? ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 450 மணி. மணிக் கணக்கில் போடும் கல்லூரியில் தினமும் முதல் மணி மட்டும் தவறினால் போவது 90 மணி. இன்னும் 80 சதவீதம் கையில் இருக்கும். காய்ச்சல், கல்யாணம், காரியம் என்று நாலு நாள் விடுப்பு எடுத்தாலும் 75-க்குக் கீழே போகாது. அரை நாள் கணக்கு வைத்திருக்கும் கல்லூரியில் கதை வேறு. முதல் மணிக்கு இல்லாதவருக்குக் காலை முழுவதும் ஆப்சென்ட். அங்கே அதே மாணவர் பாதி வருகையை இழந்துவிடுவார், நாள் தவறாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தும்! மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது முறை பெரிய அநியாயம் என்று ஆசிரியர் கூட்டங்களில் பலமுறை பேசியிருக்கிறேன்.

இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். டியூட்டர், துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு. உங்கள் ஊர், பஸ் கிளம்பும் நேரம், சேலம் வந்து சேரும் நேரம், தவறிய மணிகளின் தேதி, எல்லாம் அதில் இருக்கட்டும். தாமதமாக வந்ததை ஆப்சென்ட் ஆக்காமல் தாமதம் என்றே குறிக்கும்படி கேளுங்கள். ஒரு நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றதே, அந்த மாதிரி நாட்களைத் தனியாகக் குறித்துக் காட்டுங்கள். ஊருக்கே தெரிந்த காரணத்தைக் கூட எழுதிக் கொடுத்தால்தான் பதிவேட்டில் ஏறும். அப்புறம், தங்கிப் படிக்க முடியுமா என்றும் யோசியுங்கள். அரசின் கல்லூரி விடுதிகளில் (2025 முதல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர்) தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

நான் டியூட்டராக இருந்தபோது மலையிலிருந்து வந்த ஒரு மாணவரின் அப்பா மிளகு பறிக்க ஏணியில் ஏறியவர், விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பையன் ஐந்து வாரம் வரவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தகுதி இல்லாதவர் பட்டியல் ஒட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாம் அவர் பையிலேயே இருந்தன, விண்ணப்பிக்கும் கடைசித் தேதிதான் போயிருந்தது. அந்தப் பருவத்தை அவர் இழந்ததில் பாதித் தப்பு என்னுடையது. அதன் பிறகு மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத எந்த மாணவரின் வீட்டுக்கும் நான் போன் செய்யாமல் விட்டதில்லை.

என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இவளுக்கு மட்டும் வரவில்லை. வேறு ஸ்காலர்ஷிப் வாங்குவதால் நிறுத்திவிட்டார்களா ஐயா? – ஒரு தாய், வாழப்பாடி

இல்லையம்மா. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் வேறு உதவித்தொகை வாங்குவது தடையே இல்லை. பெரும்பாலும் சிக்கல் வங்கிக் கணக்கில்தான் இருக்கும். கணக்கு மகளின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்திருப்பது மட்டும் போதாது, அரசுப் பணம் நேரடியாக வந்து சேரும் கணக்காக அதை இணைத்திருக்க வேண்டும். கிளைக்குப் போய் அப்படியே கேளுங்கள். பழைய கணக்கு ஒன்று வேறு வங்கியில் இணைந்திருந்தால் பணம் அங்கே போய்க்கொண்டிருக்கவும் கூடும். கல்லூரியில் இந்தத் திட்டத்துக்கென்று ஒரு பொறுப்பு ஆசிரியர் இருப்பார். மகளின் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவரால் கணினியில் பார்த்துச் சொல்ல முடியும். வீட்டில் பையனும் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவனுக்கும் அதே ஆயிரம் ரூபாய் உண்டு.

நாங்கள் மலையாளி என்ற மலைவாழ் பழங்குடிச் சமூகம். பழங்குடிச் சான்றிதழ் தாசில்தார் ஆபீசில் தரமாட்டேன் என்கிறார்கள். ஸ்காலர்ஷிப்புக்கு என்ன செய்வது? – ஏற்காடு

பழங்குடியினர் சான்றிதழ் தருவது தாசில்தார் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். அப்பாவுக்கோ, அப்பாவின் உடன்பிறந்தவர்களுக்கோ முன்பே கிடைத்த சான்றிதழ் இருந்தால் கட்டாயம் இணையுங்கள், விசாரணை சீக்கிரம் முடியும். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதி உண்டு. சான்றிதழ் வரும் வரை விண்ணப்பித்த ரசீதின் நகலைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.

நான் ஒரு தனியார் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர். பின் பெஞ்சில் ஒரு மாணவர் தினமும் தூங்குகிறார். இன்னும் நாலு பேர் மேசைக்கு அடியில் மொபைல் பார்க்கிறார்கள். வெளியே அனுப்பலாமா? போனை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? – சேலம்

இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள் தம்பி.

தூங்குகிறவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள், வகுப்பு முடிந்த பிறகு, நாலு பேர் காதில் விழாமல். சேலத்தில் எத்தனை வீடுகளில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஓடுகிறது, எத்தனை வீடுகளில் தறி ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். ராத்திரி பன்னிரண்டு வரை பற்றவைப்பு வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிற பையன்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். அவரை வெளியே அனுப்பினால் தூக்கத்தோடு வருகையும் போகும். முதல் மணிக்குப் பதில் மதிய வகுப்பில் வாய்மொழிக் கேள்வி கேளுங்கள், அசைன்மென்ட்டுக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள், கட்டண உதவிக்கு வழி இருக்கிறதா என்று அலுவலகத்தில் நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள். வேலை இல்லாமல் தூங்குகிறார் என்றால் உடம்பில் ஏதாவது கோளாறா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையோடு வகுப்பில் துவண்டு கிடந்த பெண் பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டியதைக் கேட்டு வருத்தப்பட்டிருக்கிறேன்.

மொபைல் விஷயத்தில் முதல் வாரமே விதியைச் சொல்லிவிடுங்கள். வாயால் மட்டுமல்ல, ஒரு பக்கத்தில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டி, சுவரில் ஒட்டுங்கள். போன் பைக்குள் சைலன்ட்டில் இருக்கட்டும். வீட்டில் நோயாளி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு மேசைமேல் வைக்கலாம். மீறினால் என்ன என்பதும் அதில் இருக்கட்டும். போனை வாங்கினால் வகுப்பு முடிந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். ராத்திரி ஊருக்குப் போகிற பெண்ணின் போனை மறுநாள் வரை பூட்டி வைப்பது தவறு. திறந்து பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு.

எனக்கு எழுதப் படிக்கச் சிரமம் உண்டு. டிஸ்லெக்சியா என்று சின்ன வயதில் சொன்னார்கள். பள்ளியில் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். கல்லூரியில் கேட்டால் "இது பள்ளிக்கூடம் இல்லை" என்கிறார்கள். – ஆத்தூர்

அப்படிச் சொன்னவருக்குச் சட்டம் தெரியவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடு அதில் ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால், எழுத்தில் சிரமம் உள்ளவருக்கு ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம். தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஆளும் உண்டு.

பள்ளியில் வாங்கிய சான்றிதழ் இருக்கிறதா, அது இன்னும் செல்லுமா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போங்கள். கூடவே மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வழி தெரியவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். சான்றிதழ் கையில் வந்ததும் தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு விண்ணப்பம். ஹால் டிக்கெட் வரும் நாளில் போய் நிற்காதீர்கள், பருவம் தொடங்கியதுமே கொடுங்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கும் இதே சலுகையைச் சேர்த்துக் கேளுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள், இன்டர்னலிலேயே மார்க் போய்விடுகிறது.

கரும்பலகையைப் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி, பாடக்குறிப்பை முன்கூட்டியே தருவது, இதற்கெல்லாம் ஆசிரியர் மனம் வைத்தால் போதும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணாடி போட்டுக்கொள்பவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லையே.

ஆங்கில வழியில் சேர்ந்துவிட்டேன். தேர்வில் தமிழில் எழுதலாமா? – எடப்பாடி

ஆங்கில வழிப் படிப்பிலும் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரித் தேர்வுப் பிரிவில் அனுமதி பெற்றுக்கொண்டு எழுதுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தமிழில் தேர்வெழுதியதால் தமிழ் வழியில் படித்ததாக ஆகாது. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு இது உதவாது.

இன்டர்னலில் 25-க்கு 9 போட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்டதால் பழிவாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கே போவது? – ஓமலூர்

பழிவாங்கல் என்ற சொல்லை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். அதை நிரூபிப்பது கடினம், மார்க்கின் கணக்கைக் கேட்பது எளிது. தேர்வுக்கு எவ்வளவு, அசைன்மென்ட்டுக்கு எவ்வளவு, வருகைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். திருத்திய தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்தானே? அங்கே பதில் கிடைக்காவிட்டால் மாணவர் குறைதீர்ப்புக் குழு. யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் அது இருக்க வேண்டும். 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குள் இதைத் தொடங்கிவிடுங்கள்.

வேறு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. பழைய கல்லூரியில் மூன்று வருடக் கட்டணமும் கட்டினால்தான் ஒரிஜினல் சான்றிதழ் தருவோம் என்கிறார்கள். – மேட்டூர்

தர வேண்டும். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. விலகல் கடிதத்தைத் தேதியோடு கொடுங்கள். படிக்காத வருடங்களுக்குக் கட்டணம் கட்டச் சம்மதிக்காதீர்கள். மறுத்தால் மேலே சொன்ன குறைதீர்ப்பு வழிதான்.

என் ரூம்மேட்டுக்கு அஞ்சு அரியர். ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. "நான் இல்லாவிட்டால் வீட்டுக்குச் செலவு மிச்சம்" என்று நேற்றுச் சொன்னான். வார்டனிடம் சொன்னால் காட்டிக் கொடுத்ததாக நினைப்பானா? – விடுதி மாணவர், சேலம்

நினைத்தால் நினைக்கட்டும், சொல்லிவிடுங்கள். இந்தக் கடிதம் வந்த அன்றே இவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

அப்படி ஒரு வார்த்தை வந்தால் விளையாட்டுக்குச் சொன்னது என்று விடக் கூடாது. செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கும். அரியர் எல்லாம் ஒரு விஷயமா என்று புத்தி சொல்லத் தொடங்காதீர்கள், அவர் பேசட்டும். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அவரால் முடியாவிட்டால் நீங்களே கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து போனை அவர் கையில் கொடுங்கள். வார்டனிடமும், அவர் மதிக்கும் ஒரு ஆசிரியரிடமும் இன்றே சொல்லுங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக ஒரு பெரியவர் கூட வர வேண்டும், அதை நீங்கள் ஒருவராகச் சுமக்க வேண்டாம். அரியரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த தேர்விலேயே மறுபடி எழுதலாம்.

இன்று ராத்திரி அவரை அறையில் தனியாக விடாதீர்கள். உங்களுக்குத் தூக்கம் வந்தால் இன்னொரு நண்பரை எழுப்பி உட்கார வையுங்கள்.