வெள்ளை நுரை ஏன் ரோஸ் ஆகுது? லாங் எக்ஸ்போஷர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, முட்டம் பாறை மேல ட்ரைபாட் வச்சு 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) போட்டு சாயங்காலம் 30 செகண்ட் ஷட்டரைத் திறந்து வச்சு எடுத்தேன். கடல் அழகா வந்துட்டு, ஆனா நுரை எல்லாம் ரோஸ் கலர்ல கெடக்கு, பாறைல நின்ன கூட்டுக்காரனோட கறுப்பு பேன்ட் மெரூன் ஆயிட்டு. கேமரா போச்சா? (வாசகர், குளச்சல்)

பதில்: கேமராவுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. பேன்ட் மெரூன் ஆச்சுன்னு எழுதினது நல்லதாப் போச்சு, காரணம் அதுலயே தெரிஞ்சிடுச்சு, இது இன்ஃப்ராரெட் வேலை, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தோட வேலை. ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும், அப்படி 10 ஸ்டாப் ஃபில்டர் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தை கிட்டத்தட்ட ஆயிரத்துல ஒரு பங்கா குறைச்சிடும், ஆனா விலை கம்மியான ஃபில்டர் பலதும் இன்ஃப்ராரெட்டை அந்த அளவுக்கு நிறுத்தாது, சென்சார் முன்னாடி இருக்கிற கண்ணாடியும் கொஞ்சம் விட்டுடும். சாதாரண போட்டோல அந்தக் கொஞ்சம் தெரியவே தெரியாது, மத்த வெளிச்சம் எல்லாம் அடங்கின பிறகு அதுதான் மேல வந்து நிக்கும். சில கறுப்புத் துணியும் பச்சை இலையும் இன்ஃப்ராரெட்டை நல்லா திருப்பி அனுப்புறதால அதுங்க மட்டும் கூடுதலா சிவக்கும்.

அதனால ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையா காட்ட படத்தோட மொத்த நிறத்தை சரி பண்றது) மட்டும் மாத்தினா நுரை சரியாகும், பேன்ட் சரியாகாது. ரா ஃபைல்ல (சென்சார் பதிவு பண்ணினது அப்படியே இருக்கிற ஃபைல்) முதல்ல ஒயிட் பேலன்ஸை சரி பண்ணிட்டு, பேன்ட்டுக்கு தனியா மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, சிவப்பு, மெஜந்தா நிறத்தோட அடர்த்தியை (சாச்சுரேஷன்) இறக்குங்க. அடுத்த தடவை வாங்கும்போது இன்ஃப்ராரெட் தடுக்கிற ஃபில்டரா கேட்டு வாங்குங்க. படம் முழுக்க ஒரே மாதிரி நீலமோ பிரவுனோ அடிச்சா அது ஃபில்டரோட சொந்தக் கலர், அதே வெளிச்சத்துல ஃபில்டர் வழியா ஒரு கிரே கார்டை (சாம்பல் நிற அட்டை) படம் எடுத்து வச்சுக்கிட்டா ஒரே கிளிக்ல போயிடும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பாதீங்க, ஷாட்டுக்கு ஷாட் மாறும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். சூரியன் இறங்குற நேரம் நுரைல பொன்னிறம் இருக்கத்தான் செய்யும், அதை சுத்த வெள்ளையா கிளிக் பண்ணினா அந்த சாயங்காலமே படத்துல இருக்காது. மணவாளக்குறிச்சி பக்கம் எடுத்தா மணலைத் தொடவே தொடாதீங்க, கார்னெட், இல்மனைட்ங்கிற தாதுக்களோட சிவப்பும் கறுப்பும் அந்தக் கரையோட நிஜ நிறம், அதை கலர் காஸ்ட்னு (தப்பா ஏறின நிறம்னு) நினைச்சு சாம்பலாக்கி போடுற படங்களைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு.

கேள்வி: திற்பரப்பு அருவியை பகல்ல 2 செகண்ட் வச்சு எடுத்தா தண்ணி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெறும் வெள்ளையா வருது. எடிட்ல ஹைலைட்டை (பளிச்னு இருக்கிற பகுதியை) இறக்கினா சாம்பலாகுது. என்ன செய்ய? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: சாம்பலாகுதுன்னா அங்க விவரமே பதிவாகலம்மா. சிவப்பு, பச்சை, நீலம் மூணு சேனலும் நிரம்பிட்டா எந்த சாஃப்ட்வேரும் உண்மையான தண்ணியைத் திருப்பித் தராது, ஒண்ணு ரெண்டு சேனல் மிச்சம் இருந்தா ரா ஃபைல்ல ஓரளவு மீட்கலாம், ஜேபெக்னா அதுவும் கஷ்டம். 2 செகண்டை அரை செகண்ட் ஆக்குங்க, 2 ஸ்டாப் குறைஞ்சிடும், அருவி வேகமா விழுற இடத்துல அரை செகண்டே தாராளம், தண்ணியோட இழை இழையான அழகும் நிக்கும். ஃபில்டர் போட்டா கணக்கு ஈஸி, ஃபில்டர் இல்லாம 1/125 செகண்ட்னா 10 ஸ்டாப்ல 8 செகண்ட், 1/30னா 30 செகண்டுக்கு கொஞ்சம் மேல. எடுத்ததும் ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம்) மூணு கலரா பிரிச்சுப் பாருங்க, எந்த சேனல் நிரம்பிச்சுன்னு தெரியும். பாறைக்கு ஒரு ஷாட், தண்ணிக்கு குறைஞ்ச நேரத்துல இன்னொரு ஷாட் எடுத்து சேர்க்கவும் செய்யலாம், ஆனா மேகம் மூடின நாள்ல போனா அந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: வட்டக்கோட்டைல சாயங்காலம் 2 நிமிஷம் வச்சு கடலை எடுத்தேன், படத்துக்கு நடுவுல ஊதா நிறத்துல ஒரு பட்டை. லென்ஸைத் துடைச்சும் போகல. (வாசகர், அஞ்சுகிராமம்)

பதில்: அங்க கடல் கிழக்கே, சாயங்கால வெயில் உங்க முதுகுக்குப் பின்னாடி. டிஎஸ்எல்ஆர்னா அந்த வெளிச்சம் வியூஃபைண்டர் (கண்ணை வச்சுப் பாக்குற ஜன்னல்) வழியா உள்ள போயிருக்கும். ஷட்டர் அமுக்குறதுக்கு முன்னாடி கறுப்பு டேப் ஒட்டி மூடிடுங்க, சில கேமரா வார்ல அதுக்குன்னே ஒரு சின்ன மூடி இருக்கும், இருந்தா அதை மாட்டினாலும் போதும். ஏற்கனவே விழுந்த பட்டையை ஒயிட் பேலன்ஸ் வச்சு எடுக்க முடியாது, அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுத்தான் சரி பண்ணணும்.