என் 14 வயது மகன் எந்நேரமும் ஆன்லைன் கேம் ஆடுகிறான், வெளியே நண்பர்களே இல்லை. எப்படி நிறுத்துவது?

நீங்களும் எங்களைப் போலப் புறநகர் அடுக்ககத்தில் இருப்பவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அவன் யாரோடு ஆடுகிறான் என்று கேட்டீர்களா?

2019-இல் சென்னை வில்லிவாக்கத்திலிருந்து புறநகரில் இருக்கும் தாழம்பூருக்கு வந்தோம். வில்லிவாக்கத்தில் தெருவில் இறங்கினாலே பையன்கள் இருப்பார்கள். இங்கே என் மகனின் வகுப்புத் தோழன் வீடு மேடவாக்கத்தில். அவனைப் பார்க்க நாவலூருக்கு ஷேர் ஆட்டோ, சோழிங்கநல்லூருக்கு ஒரு பஸ், அப்புறம் இன்னொரு பஸ். பதிமூன்று வயதுப் பிள்ளையை எந்தத் தாய் ஓ.எம்.ஆர் நெடுஞ்சாலையில் தனியாக அனுப்புவாள்? மறு வருடமே ஊரடங்கு.

அப்போது அவனுக்கு இருந்தது பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை கேம் மட்டும்தான். மேடவாக்கம் பையன், இன்னொரு வகுப்புத் தோழன், வில்லிவாக்கத்துச் சிநேகிதன், இவன் என்று நால்வர் அணி. யார் அப்பாவுக்குச் சம்பளம் பாதியானது என்பதுகூட அதில்தான் பேசுவார்கள். வில்லிவாக்கத்துப் பையனின் தாத்தா கொரோனாவில் இறந்தபோது முகம் பார்க்கக்கூட விடவில்லை. அன்று இரவு நால்வரும் கேமுக்கு உள்ளே போய், ஏதோ ஒரு காலி வீட்டில் உட்கார்ந்து, துப்பாக்கியே எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கேமில் ஆடும் இடத்தின் வட்டம் சுருங்கி ஆட்டம் முடிந்தால் மறுபடி உள்ளே போவார்கள். அழுகிறவனைத் தனியாக விடவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

அந்த செப்டம்பரில் அரசு பப்ஜியைத் தடை செய்தது, அக்டோபர் 30-ஓடு சர்வரும் நின்றது. சொந்தக்காரர்கள் "நல்லதாப் போச்சு" என்றார்கள். என் பிள்ளை வீட்டில் யாரோடும் சரியாகப் பேசாமல் கிடந்தது எனக்குத்தான் தெரியும்.

உடனே "பிள்ளையைக் கெடுக்கிறாள்" என்று எழுத வராதீர்கள். விடிய விடிய ஆடுவதை நான் ஆதரிக்கவில்லை. பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா வேறு, அதை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது சரிதான். பப்ஜிக்குப் பதிலாக இந்தியாவுக்கு வந்த பிஜிஎம்ஐ-யில் 18 வயதுக்குக் கீழே நாளுக்கு மூன்று மணி நேரம்தான். வயதை உண்மையாகப் பதிவு செய்யுங்கள், அது போதும்.

இன்னொன்று. எங்கள் அடுக்ககத்தில் புல்வெளி இருக்கிறது, பக்கத்திலேயே 'பந்து விளையாடத் தடை' பலகையும் இருக்கிறது. கார் கண்ணாடி உடையுமாம். மாதா மாதம் பராமரிப்புப் பணத்தை மட்டும் குறையாமல் வாங்குகிறார்கள். சங்கக் கூட்டத்தில் கேட்டால், "பசங்க எல்லாம் போன்லதானே மேடம் இருக்காங்க, யாரு விளையாட வராங்க?" என்கிறார்கள். உங்கள் அடுக்ககத்திலும் அந்தப் பலகை இருந்தால், போனைப் பிடுங்குவதற்கு முன்னால் அதைக் கழற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.