தொகுதியும் பகுதியும்

அன்புள்ள மேடம்,

எம்.பி.பி.எஸ். முதலாண்டிலிருந்து உங்கள் தளத்தை வாசித்து வருகிறேன். இந்த ஆண்டு முதுநிலைக் கலந்தாய்வில் எனக்குச் சமூக மருத்துவம்தான் கிடைத்தது. இன்னொரு வருடம் காத்திருக்க மனமில்லாமல் சேர்ந்துவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் எழவு விழுந்ததுபோல் இருக்கிறார்கள். “ஊசி போடாத டாக்டரா?” என்று அத்தை கேட்கிறார். “கடைசிவரைக்கும் வாத்தியார் வேலைதானா?” என்கிறார் அப்பா. எனக்கும் பதில் தெரியவில்லை. கணக்கு போடுவதும் படிவம் நிரப்புவதும் எப்படி மருத்துவம் ஆகும்?

இன்னொன்று. ஆய்வேட்டைப் பற்றிச் சீனியர் ஒருவரிடம் கேட்டேன். “வீடு வீடா அலையாதே, பாதிப் படிவத்தை ஹாஸ்டல்லயே நிரப்பிடலாம், யாரும் போய்ப் பார்க்கப் போறதில்ல” என்றார். அன்றிலிருந்து தூக்கம் வரவில்லை. இந்தத் துறையில் இப்படித்தானா?

ம.

*

அன்புள்ள டாக்டர் ம.,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்காகத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். ஊர், கல்லூரி இரண்டையும் எடுத்துவிட்டேன்.

முதலில் அத்தையின் கேள்வி. பள்ளியில் பின்னக் கணக்கு படித்தோமே, மேலே இருக்கும் எண் தொகுதி, கீழே இருக்கும் எண் பகுதி. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரிடம் வந்து சேர்வதெல்லாம் தொகுதி மட்டும்தான். வார்டில் பத்துப் பேர் மஞ்சள் காமாலையோடு படுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பத்து என்பது அதிகமா, குறைவா? இரண்டு லட்சம் பேர் வசிக்கும் நகரத்தின் நாலா பக்கத்திலிருந்தும் வந்த பத்துப் பேர் என்றால் ஒரு மாதிரி. இருநூறு பேர் வசிக்கும் ஒரே தெருவிலிருந்து வந்த பத்துப் பேர் என்றால், அந்தத் தெருக்குழாயை இன்று மாலைக்குள் மூடியாக வேண்டும். கட்டிலருகே நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் இது தெரியாது. கீழே வரும் எண் ஊருக்குள் இருக்கிறது. அந்த எண்ணுக்கும் மனிதர்கள் குடியிருக்கும் இடத்துக்கும் தமிழில் ஒரே சொல், பகுதி. முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியும் இந்தப் பொருத்தம் எனக்குச் சலிக்கவில்லை.

(இப்படி ஊருக்குள் நோய் யாருக்கு, எங்கே, எவ்வளவு வருகிறது என்று ஆராய்வதுதான் எபிடெமியாலஜி. அதைக் கொள்ளைநோயியல் என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. சர்க்கரை நோய், சாலை விபத்து, தற்கொலை எல்லாமே இந்தத் துறையின் கைக்குள் வருபவை. காலராவோடு முடிந்துவிடுகிற விஷயமில்லை.)

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. எம்.டி. முதலாண்டில் ஒரு கிராமத்தில் ரத்த அழுத்தக் கணக்கெடுப்புக்குப் போனேன். காலை ஒன்பது மணிக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவேன். பூட்டியிருந்த வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டேன். பத்து நாளில் முடித்துவிட்ட பெருமையோடு படிவக் கட்டைப் பேராசிரியர் மேசையில் வைத்தேன். அவர் நாலைந்தைப் புரட்டிவிட்டு, “ஆம்பளைங்க எங்கம்மா?” என்றார். அப்போதுதான் பார்க்கிறேன், முக்கால்வாசிப் படிவம் பெண்களும் கிழவர்களும்தான். ஆண்கள் எல்லாம் வயலிலும் மில்லிலும் இருக்கும் நேரத்தில் நான் போயிருக்கிறேன்.

அடுத்து, “பூட்டியிருந்த வீட்டை என்ன செஞ்ச?” என்றார்.

“பக்கத்து வீட்டை எடுத்துக்கிட்டேன் மேடம்.”

“அந்த வீடு ஏன் பூட்டியிருந்துச்சு?”

எனக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போய்த் தெரிந்துகொண்டு வரச் சொன்னார். போனேன். ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவரும் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், விடியுமுன் கிளம்பிவிடுவார்களாம். இன்னொரு வீட்டில் அப்போதும் பூட்டுதான் தொங்கியது. எதிர்வீட்டுப் பாட்டி சொன்னாள்: “அவருக்கு வாதம் அடிச்சிருச்சும்மா. கையும் காலும் விழுந்துபோச்சு. எல்லாரும் டவுன் ஆஸ்பத்திரியில கிடக்காங்க.” ரத்த அழுத்தம் ஒரு ஊரை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளப் போனவள் நான். அது செய்ததை ஒரு பூட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு, ஆரோக்கியமாக இருந்த பக்கத்து வீட்டை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இதற்குப் பாடப்புத்தகத்தில் தேர்வுச் சாய்வு, விடுபட்டோர் சாய்வு என்றெல்லாம் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்களைக் கேட்டால் எனக்கு இன்றும் அந்தப் பித்தளைப் பூட்டுதான் நினைவுக்கு வருகிறது.

இது மருத்துவமா என்று கேட்டீர்கள். மின்சார ரயிலில் தாம்பரம் பக்கம் போயிருந்தால் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ஸ்டேஷன் பெயரைப் பார்த்திருப்பீர்கள். காசநோய் என்றால் வீட்டை விட்டுப் பிரித்து, சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல சாப்பாடு, காற்று, ஓய்வு தரவேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்களோ சொற்பம். கட்டில் கிடைக்காதவர் சாகவேண்டியதுதானா? இந்தக் கேள்வியோடு 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. தொடக்க வருடங்களில் வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ்.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை, குலுக்கல் முறை முடிவு செய்தது. இரு சாராருக்கும் ஐசோநயாசிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகள், ஒரு வருடம். வீட்டிலிருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடு இல்லை, ஓய்வு இல்லை, ஒரே அறையில் குடும்பமே படுத்துறங்கியது. ஆனாலும் ஒரு வருட முடிவில் இரு சாராருக்கும் இடையிலான வித்தியாசம் மிகக் குறைவு. வீட்டிலிருந்தவர்களின் மனைவி மக்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றிவிடவும் இல்லை. அவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்துத்தான் அதைச் சொன்னார்கள். முதல் அறிக்கை 1959இல் வெளிவந்தது. காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகம் மாறியதற்கு அதுவே அடித்தளம்.

நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது அதன் முடிவைவிட, முடிவு வந்த வழியை. வீட்டிலிருந்த நோயாளி மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று எப்படித் தெரியும்? முன்னறிவிப்பில்லாமல் ஊழியர்கள் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். சென்னையின் சந்துகளில் படியேறி இறங்கி மாத்திரை எண்ணிய அந்தக் கைகள் இல்லாமல் இந்தச் சிகிச்சைமுறையே இல்லை. உங்கள் அத்தை கேட்ட ஊசி அதில் இல்லைதான். இதனால் பிழைத்தவர்களின் கணக்கை எந்த வார்டு மருத்துவரும் தன் வாழ்நாளில் எட்டமுடியாது.

‘வாத்தியார் வேலைதானா’ என்கிற அப்பாவின் வருத்தத்துக்கு வருகிறேன். எங்கள் துறை வகுப்பு பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்குப் போடப்படும். சாப்பாடு முடிந்து, மின்விசிறிக்குக் கீழே, பாதி வகுப்பு தூங்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. நீரின் எஞ்சிய குளோரின் அளவு என்று கரும்பலகையில் எழுதினால் யாருக்குத்தான் தூக்கம் வராது? ஒருமுறை மூன்றாமாண்டு மாணவர்களை, வயிற்றுப்போக்கு வந்துகொண்டிருந்த ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போனேன். கையில் நீரிலுள்ள குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பும், குளோரின் இருந்தால் நீரை மஞ்சளாக்கும் ஓ.டி. கரைசலும் மட்டும். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருந்த குழாயில் நீர் பிடித்துச் சொட்டு விட்டார்கள். பளிச்சென்று மஞ்சள். தொட்டி ஆபரேட்டர் நெஞ்சை நிமிர்த்தி, “காலைலயே பிளீச்சிங் பவுடர் போட்டாச்சு சார்” என்றார். உண்மைதான். ஒவ்வொரு குழாயாக நடந்தோம். நாலாவது தெருவில் மஞ்சள் வெளிறியது. அடுத்த தெருவில் நிறமே இல்லை. அந்த இரண்டு தெருவுக்கும் நடுவே சாக்கடைக்கு அடியில் குழாய் போகிறது, மூட்டில் கசிவு. கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்கும் பையன்தான் சட்டையை மடித்துவிட்டுச் சாக்கடை ஓரம் குனிந்து அதைக் கண்டுபிடித்தான்.

கூட வந்த ஒரு மாணவி அப்போது கேட்டாள்: “மேடம், இந்தத் தெருவில் மொத்தம் எத்தனை பேர் குடியிருக்காங்க?” நான் ஒன்றும் சொல்லவில்லை. கிராம சுகாதார செவிலியர் தோள்பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். முனை மழுங்கி, அட்டைக்குப் பழைய காலண்டர் தாள் போட்ட பதிவேடு. வீட்டு எண், ஆள், வயது, கர்ப்பிணி, கைக்குழந்தை, எல்லாம் அவர் கையெழுத்தில். தெருவாரியாக எண்ணிச் சொன்னார். மாணவர்கள் மண்ணில் குச்சியால் வகுத்துப் பார்த்தார்கள். அந்தக் கேள்வி ஒரு மாணவியின் வாயிலிருந்து தானாக வந்த நிமிஷத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் வாத்தியாராக இருந்தேன் என்று தோன்றியது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளினிக் வருமானம் இராது, அதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். எம்.டி. மூன்று வருடம், பிறகு சீனியர் ரெசிடென்ட், உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்று கல்லூரி வரிசை. அது மட்டுமே வழியும் இல்லை. அயப்பாக்கத்திலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தில் 2001 முதல் களப் பயிற்சிப் படிப்பு நடக்கிறது. இரண்டு வருடத்தில் பெரும்பங்கு நேரம் களத்தில்தான். இந்தியாவிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் சென்னை மாகாணத்தில் வந்தது, பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகமும் தனிப் பணியமைப்பும் நம் மாநிலத்தில் இருக்கின்றன. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்பார்கள், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் உங்கள் மின்னஞ்சலைத் தேடி வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள். தாமதமானால் ஆகட்டும்.

இனி உங்களைத் தூங்கவிடாத விஷயம். ஆம், அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்புவது என்று நாங்கள் சொல்வோம், இப்போது ஹாஸ்டல் அறைக்கு மாறியிருக்கிறது போலும். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. வார்டில் தப்பாக மருந்தெழுதினால் ஒரு நோயாளி துன்பப்படுவார், யாராவது கவனித்துத் திருத்தவும் வாய்ப்புண்டு. பொய்ப் படிவம் சராசரிக்குள் கரைந்துவிடும். அதை நம்பி ஒரு வட்டாரத்துக்கு மாத்திரை வரும், அல்லது வராமல் போகும்.

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைப் பற்றிய செங்கல்பட்டு ஆய்வை நினைத்துப் பாருங்கள். 1968இல் தொடங்கி, இரண்டரை லட்சம் பேருக்கு மேல், பதினைந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது முடிவு. யாரும் எதிர்பார்க்காத, யாருக்கும் பிடிக்காத முடிவு. துருவித் துருவிக் கேட்டார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் வீடு வீடாக எடுத்த கணக்கு பதில் சொன்னது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து காப்பதற்காக இன்றும் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுகிறோம், பெரியவர்களைக் காக்க வேறு வழி தேடுகிறோம். இந்தத் தெளிவு அங்கிருந்து வந்தது. அந்த ஊழியர்களில் நாலு பேர் சோம்பலில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தால்?

ஆய்வேட்டை யார் படிக்கப் போகிறார்கள் என்று உங்கள் சீனியர் அடுத்துச் சொல்வார். அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். 1980களில் சென்னை மருத்துவக் கல்லூரியில் செல்லப்பன் நிர்மலா நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி. ஹெச்.ஐ.வி. இந்தியாவில் இருக்கிறதா என்று தேடச் சொன்னார் பேராசிரியர் சுனிதி சாலமன். அதெல்லாம் வெளிநாட்டு நோய் என்று எல்லோரும் சொன்ன காலம். நிர்மலா அரசுக் காப்பகத்திலிருந்த பெண்களிடம் பேசி, ரத்தம் எடுத்து, மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போனார். 1986இல் அவற்றில் ஆறு பாசிட்டிவ். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்கான தேடலில். ஒன்றும் கிடைக்காது என்றே அவரும் எண்ணியிருந்தார். அறையிலேயே உட்கார்ந்து ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் அன்று யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்?

உங்களுக்கு இப்போது மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. தலைப்பு முடிவு செய்ய நேரம் இருக்கிறது. பெரிதாக எதையும் எடுக்க வேண்டாம், நடந்து முடிக்கக்கூடிய ஒரு ஊர் போதும். போன முதல் நாளே கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். அதிகாரி போல் போகாதீர்கள், “அக்கா, எனக்கு ஊரைக் காட்டுங்க” என்று போங்கள். அவருடைய பதிவேட்டைக் கையில் வாங்கி ஒருமுறை முழுக்கப் படியுங்கள். காலையில் ஒரு சுற்று, இரவு ஏழு மணிக்கு மேல் ஒரு சுற்று. படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: வீடு பூட்டியிருந்ததா, எத்தனை முறை போனீர்கள், ஏன் பூட்டியிருந்தது.

தலைப்பு முடிவானதும் எழுதுங்கள். மாதிரி அளவுக் கணக்கை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.