தேங்காய் எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலம்

கேள்வி: தேங்காய் எண்ணெய் சோப்புக் கரைசலில் அமிலம் விட்டால் பால் போலக் கலங்கியே நிற்கிறது, கொழுப்பு அமிலம் பிரியவில்லை. ஏன்? அதன் உப்புகளை எப்படிச் சோதிப்பது?

பதில்: அமிலம் போதவில்லை. மிஞ்சிய சோப்பு, பிரிந்த கொழுப்பு அமிலத்தைத் துளித்துளியாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

10 கிராம் எண்ணெய்க்கு 1.8 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு போதும் என்றாலும் 2.5 கிராம் எடுங்கள். அதை 10 மி.லி. நீரில் கரைத்து, எண்ணெயும் 20 மி.லி. எத்தனாலும் சேர்த்து, ஆவியைக் குளிர்வித்துத் திரும்ப விழச்செய்யும் குளிர்விப்பான் பொருத்தி, வெந்நீர்த் தொட்டியில் முக்கால் மணி நேரம் சூடாக்குங்கள். நேரடித் தீ கூடவே கூடாது. ஒரு சொட்டை வெந்நீரில் விட்டால் எண்ணெய் மிதக்கக் கூடாது. பிறகு எத்தனாலை முழுக்க ஆவியாக்குங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். எத்தனால் மிஞ்சினால் அடுக்கு சரியாகப் பிரியாது. மிஞ்சும் சோப்பை 150 மி.லி. வெந்நீரில் கரைத்து, பி.எச். 2க்கு இறங்கும் வரை 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். சுமார் 35 மி.லி. பிடிக்கும். தெளிந்த அடுக்கு மேலே மிதக்கும். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். கலவை 25 டிகிரிக்குக் கீழேதான் உறையும், ஆகவே கோடையில் பனிக்கட்டி வேண்டும். வெந்நீரில் மும்முறை கழுவுங்கள்.

உப்புச் சோதனைக்கு, பிரித்த கொழுப்பு அமிலத்தை, ஃபீனால்ப்தலீன் (காரத்தில் நிறம் மாறும் காட்டி) லேசாக இளஞ்சிவப்பாகும் அளவுக்கு மட்டும் காரம் விட்டுக் கரையுங்கள். கால்சியம் குளோரைடு வெள்ளைத் திரிதிரியான வீழ்படிவு தரும்; காப்பர் சல்ஃபேட் நீலப்பச்சை தரும். காரம் கூடினால் காப்பர் ஹைட்ராக்சைடும் சேர்ந்து விழும், அதைக் காப்பர் சோப்பு (கொழுப்பு அமிலத்தின் காப்பர் உப்பு) என்று எடை போட்டுவிடாதீர்கள்.