செருப்பா, காலணியா, மிதியடியா?

உங்கள் கதையில் அலுவலகம் போகிறவர் காலில் போடுவதற்கு அகராதி தரும் பல சொற்களில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். அவர் கயிறு கட்டிப் போட்டுக்கொள்வதற்குச் ‘செருப்பு’ பொருந்தாது. ‘ஷூ’ என்றே எழுதுங்கள். அவர் ஈழத்தவரானால் ‘சப்பாத்து’. போர்த்துக்கீசியர் வழியே வந்து அங்கே இயல்பாகிவிட்ட அழகான சொல் அது.

அகராதி இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கியதால்தான் இந்தக் குழப்பம் வந்திருக்கும். ‘காலணி’ அனைத்துக்கும் பொதுப்பெயர். ‘செருப்பு’ பாதம் திறந்திருப்பது.

ஒன்று செய்து பாருங்கள்: வாக்கியத்தில் ‘கயிற்றை அவிழ்த்தார்’ என்று சேர்த்துப் படியுங்கள். ‘செருப்பு’ அங்கே உடனே இடறும்.

‘மிதியடி’யில் மட்டும் கவனம் வேண்டும். பழைய நூல்களில் அது காலில் அணிவது. இன்று பலருக்கு வாசலில் கால் துடைக்கும் விரிப்பு. ‘பாதுகை’ என்றால் பரதன் தலையில் சுமந்ததுதான் நினைவுக்கு வரும். அலுவலகக் காட்சிக்கு வேண்டாம்.